ஊரடங்கும் ஊர் மக்களும்

(தஞ்சை ஜில்லாவில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வேண்டிய விஷயமாக நோட்டீசில் போடப்பட்டிருப்பது, "கொரோனா ஊரடங்கில் சர்க்கார் நடந்துகொண்ட விதம் சரியா?" என்பதாகும். இந்த நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சில பெரிய மனிதர்கள், "முடிந்துபோன சங்கதியை இப்போது ஏன் கிளற வேண்டும்? பிழைத்தவர்கள் பிழைத்தார்கள், போனவர்கள் போனார்கள், அதைப் பேசி என்ன லாபம்?" என்று கடைத்தெருவில் கேட்டார்களாம். அவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றுதான். ஆற்றில் வெள்ளம் வந்து கரை உடைந்தால், தண்ணீர் வடிந்த பிறகுதான் எந்த இடத்தில் உடைந்தது, ஏன் உடைந்தது, யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று பார்க்க முடியும். வெள்ளம் ஓடுகிறபோது மண்மூட்டை தூக்கத்தான் நேரம் இருக்கும். காவேரிக் கரையிலே பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவகாரத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சியார், "கொரோனா என்பதே கட்டுக்கதை, ஊசி மருந்து விற்பதற்காகப் பணக்காரர்கள் கட்டிவிட்ட புரளி, கதவைச் சாத்தியது முழுவதும் மோசடி" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "சர்க்கார் செய்ததெல்லாம் சரி, அதைக் குற்றம் சொல்லுகிறவன் தேசத்துக்கு விரோதி" என்கிறார்கள். நாம் இந்த இரண்டு கட்சியிலும் சேர்ந்தவர்கள் அல்ல. இரண்டு கட்சிக்கும் ஒரே குணம்தான் இருக்கிறது. இருவருமே யோசிக்க மறுக்கிறார்கள். ஒருவன் கண்ணால் பார்த்த பிணத்தையே இல்லை என்கிறான். மற்றவன் கண்ணால் பார்த்த லத்தியடியை இல்லை என்கிறான்.

முதலில் வியாதியைப் பற்றிப் பேசுவோம். வியாதி நிஜம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, ஒருவன் மூச்சிலிருந்து மற்றொருவன் மூச்சுக்குப் போகிறது. அதற்குக் கோத்திரமும் தெரியாது, குலமும் தெரியாது. இப்படிப்பட்ட வியாதி வந்தால் நோயாளியைக் கொஞ்ச நாள் பிரித்து வைக்க வேண்டும் என்பதும், கூட்டம் கூடாமல் இருக்க வேண்டும் என்பதும் சாஸ்திர ஞானத்தின்படி சரியான காரியமே. 1918ல் வந்த விஷ ஜுரத்தில் இந்த நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் மாண்டார்கள். அன்று மருந்தும் இல்லை, தடுப்பதற்கு வழியும் இல்லை. பெரியம்மை வந்த வீட்டில் வேப்பிலை செருகினார்களே, அதை நாம் கேலி செய்வதுண்டு. ஆனால் அந்த வேப்பிலைக்குள் ஒரு சிறு புத்தியும் ஒளிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "இந்த வீட்டுக்குள் வராதே" என்ற விளம்பரப் பலகை அது. புத்தி அவ்வளவோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் ஆத்தாளுக்குக் கூழும் ஆடும் என்று போய்விட்டது. கடைசியில் அம்மையை ஒழித்தது கூழும் அல்ல, ஆடும் அல்ல. வீடு வீடாகப் போய்க் குத்திய ஊசிதான் ஒழித்தது. 1975க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லை. 1980ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே, "பிரித்து வைப்பதே கொடுமை, ஊசியே மோசடி" என்று பேசுகிற தோழர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

நிற்க, பிரித்து வைக்க வேண்டும் என்பது ஒன்று. எப்படிப் பிரித்து வைத்தார்கள், யாரைப் பிரித்து வைத்தார்கள், பிரித்து வைத்த நாளைக்குச் சோறு யார் போட்டார்கள் என்பது வேறொன்று. விவாதமெல்லாம் இந்த இரண்டாவதில்தான் இருக்க வேண்டும்.

2020 மார்ச் 24ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி மோடி அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 21 நாளைக்கு யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். 130 கோடி ஜனங்களுக்கு நாலு மணி நேர அவகாசம்! நம் மாகாணத்தில் அன்று மாலை 6 மணிக்கே 144 உத்தரவு அமுலுக்கு வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவன்கூட நாலு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புகிறான். நியூஜிலாந்து என்று ஒரு சிறு தேசம் இருக்கிறது. அங்கும் ஏறக்குறைய அதே நாளில் ஊரை அடைத்தார்கள். ஆனால் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னார்கள். வேலை நின்றுபோனால் கூலியில் ஒரு பங்கை சர்க்கார் கொடுக்கும் என்பதை அதற்கும் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். முதலில் சோறு, பிறகு பூட்டு. இங்கே முதலில் பூட்டு. அரிசிக்கும் பணத்துக்கும் திட்டம் சொன்னது மார்ச் 26ந் தேதி. அதுவும் ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் என்று சொன்னார்கள். மாதம் 500 ரூபாய் என்றால் நாளைக்குப் பதினாறு ரூபாய்ச் சில்லறை. நம்மூர் டீக்கடையில் இரண்டு டீக்குக்கூடக் கட்டாது.

நம் டெல்டாவில் அது என்ன மாதம் என்பதை நினைத்துப் பாருங்கள். பட்டணத்தில் உட்கார்ந்து உத்தரவு எழுதுகிறவர்களுக்குப் பங்குனி என்றால் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம். நமக்குப் பங்குனி என்றால் சம்பா அறுவடை முடிந்து, களம் காலியாகி, ஆற்றில் தண்ணீர் இல்லாமல், உளுந்தும் பயறும் பறித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற காலம். போர் வைத்திருப்பவன் கோடை நெல் போடுவான். இல்லாதவன் வானத்தைப் பார்ப்பான். விவசாயக் கூலிக்கு வருஷத்தில் மிகவும் கையிருப்பு இல்லாத மாதங்கள் பங்குனி, சித்திரை, வைகாசி. அந்த மாதங்களில்தான் ஆண்பிள்ளைகள் திருப்பூருக்கும், சென்னைக்கும், கேரளத்துக்கும் பிழைக்கப் போகிறார்கள். ஊரில் இருந்த பெண்பிள்ளைகள் அப்போது நூறு நாள் வேலைக்குப் போனார்கள். பூட்டு விழுந்தது அந்த மாதங்களில்தான். போனவன் திரும்ப முடியவில்லை. இருந்தவளுக்கு நூறு நாள் வேலையும் ஏப்ரல் பிற்பகுதி வரையில் நின்றுபோயிற்று.

"விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று உத்தரவிலேயே இருந்ததே!" என்று ஒரு உத்தியோகஸ்தர் கேட்கலாம். இருந்தது, வாஸ்தவந்தான். காகிதத்தில் இருந்தது. வயலுக்குப் போகலாம் என்று காகிதம் சொல்லிற்று. வயலுக்குப் போகிற வழியில் நின்ற போலீஸ்காரர் அந்தக் காகிதத்தைப் படித்திருக்கவில்லை. வாழைத்தார் வெட்டலாம், ஆனால் ஏற்றிக்கொண்டு போக லாரி இல்லை, வாங்கிக்கொள்ளக் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை, ஓட்டலும் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் இலை பழுத்து உதிர்ந்தது. பூ பறிக்கிற கூலி பூ விலையைவிட அதிகமாயிற்று. இதில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தோழர்கள் கதை தனிக் கதை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. தென்னை என்பது நெல் அல்ல, அடுத்த போகத்தில் வர. அந்தக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பூட்டு. தவணையைத் தள்ளிப் போடலாம் என்று ரிசர்வ் பாங்கி சொன்னது 2020 ஆகஸ்டு வரையில். ஆனால் குழுக் கடன் வசூலுக்கு வாசலில் வந்து உட்காருகிற ஆசாமி ரிசர்வ் பாங்கிக்குக் கட்டுப்பட்டவன் போல நடந்துகொண்டானா என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும்.

நல்லதைச் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இந்த மாகாணத்தில் ரேஷன் கடை எல்லாருக்கும் பொதுவாக இருந்தபடியால், ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இனாமாகவும் கொடுக்க முடிந்தது. வடநாட்டில் கால்நடையாக நூற்றுக்கணக்கான மைல் நடந்த ஜனங்களுக்கு அந்தக் கடையும் இல்லை, கார்டும் ஊரில் இருந்தது. மே 8ந் தேதி அவுரங்காபாத்துக்கு அருகில் ரயில் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 கூலிகள் மேல் சரக்கு ரயில் ஏறிற்று. நடந்து நடந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த வருஷம் செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டதற்கு, கணக்கு இல்லை என்று பதில் வந்தது. 2020 ஜூன் 12ல் மேட்டூர் அணையைக் குறித்த நாளில் திறந்தார்களே, அதையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். பல வருஷங்களாகக் குறித்த நாளில் வராத தண்ணீர் அந்த வருஷம் வந்து குறுவைக்கு ஆயிற்று. கூலிக்காரப் பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிற உத்தியோகங்களுக்கெல்லாம் சோறு போட்டது அந்த நடவு.

இனிக் கோயம்பேட்டுக்கு வருவோம். பூட்டு போடுகிற விதத்தாலேயே வியாதி பரவும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஏப்ரல் 26 முதல் 29 வரையில் சென்னையில் முழு அடைப்பு, கடையே கிடையாது என்று இரண்டு நாள் முன்னால் அறிவித்தார்கள். ஜனங்கள் என்ன செய்வார்கள்? 25ந் தேதி காலையில் மார்க்கெட்டில் முண்டியடித்தார்கள். கூட்டம் கூடாதே என்ற உத்தரவே அந்த மாதத்தில் எங்கும் கூடாத கூட்டத்தைக் கூட்டி வைத்தது! சில நாளில் மார்க்கெட்டில் வியாதி கண்டது. மே 5ந் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். மூட்டை தூக்குகிற கூலிகளுக்கு அங்கே தங்க இடமும் இல்லை, தின்னச் சோறும் இல்லை. லாரியில் ஏறிச் சொந்த ஊருக்குப் போனார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் ஜில்லாக்களில் கணக்கு ஒரேயடியாக ஏறிற்று. நம் பக்கத்துக்கும் வந்தது. உடனே கிராமத்தில், "கோயம்பேட்டான் வந்துவிட்டான், முள்ளை வெட்டிப் போடு" என்று கிளம்பினார்கள். அந்தக் கூலியை அங்கேயே பத்து நாள் வைத்துச் சோறு போட்டுப் பார்த்திருந்தால் இத்தனை ஜில்லாவுக்கு ஏன் போயிருக்கும்? பத்துப் பதினைந்தாயிரம் பேருக்குச் சோறு போட ஆகும் செலவு பெரிதா, பிறகு ஆன செலவு பெரிதா?

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த வியாதி இந்த நாட்டுக்கு எதில் வந்தது? மாட்டு வண்டியிலா வந்தது? ஆகாயக் கப்பலில் வந்தது. பாஸ்போர்ட்டும் கைப்பெட்டியும் உள்ளவர்கள் கொண்டுவந்தார்கள். அவர்கள் மேல் நமக்கு ஒன்றும் கோபமில்லை. அவர்களும் தெரிந்து கொண்டுவரவில்லை. ஆனால் லத்தி யார் முதுகில் விழுந்தது? சைக்கிளில் போனவன் முதுகில் விழுந்தது. நடுரோட்டில் தோப்புக்கரணம் போட்டவன் விமானத்தில் வந்தவன் அல்ல. இது புது வழக்கமும் அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போன நம் பாட்டன்மாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் என்ற தீவில் இறக்கி அடைத்து வைத்தது கப்பல் தட்டில் மூட்டைபோலக் கிடந்து போன கூலியைத்தான். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களை மண்டபம் காம்பில் நாள்கணக்கில் அடைத்து, தோட்டத்தின் அடையாளம் குத்திய தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். 2020ல் சென்னையில் நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, அதைப் பார்த்தபோது நமக்கு அந்தத் தகரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே இருப்பவனுக்கு மூச்சுத் திணறினால் தகரத்தைப் பிரிக்க யாரைக் கூப்பிடுவது?

அடுத்து நாம் சொல்ல வேண்டியது தீட்டைப் பற்றி. இந்த ஊரடங்கின்போது சில வைதிகர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "பார்த்தீர்களா! எங்கள் முன்னோர்கள் மடி, ஆசாரம், தீட்டு என்று வைத்தார்களே, தொடாமல் கும்பிடு போடச் சொன்னார்களே, அதெல்லாம் சயன்ஸ்! வெள்ளைக்காரன் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தான்" என்று கைபேசி கைபேசியாக அனுப்பினார்கள். போதாக்குறைக்குச் சர்க்காரும் பத்திரிகைகளும் "சமூக விலகல்" என்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனமே 2020 மார்ச்சில், அது சரியான வார்த்தை அல்ல, உடலால் தள்ளி நிற்பது என்று சொல்வதே சரி என்று திருத்தியது. நமக்கு அந்த வார்த்தையின் உண்மையான அர்த்தம் எப்போதோ தெரியும். இந்த நாட்டில் சமூக விலகல் 21 நாள் அல்ல, ஆயிரக்கணக்கான வருஷமாக நடக்கிறதே! ஆற்றுக்கு அந்தப் பக்கம் சேரி, இந்தப் பக்கம் தெரு என்பது எந்தக் கிருமிக்காக ஏற்பட்டது?

தீட்டுக்கும் தடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். வியாதிக்காகப் பிரித்து வைப்பது வியாதி உள்ளவனை. அவன் மந்திரியானாலும் சரி, தோட்டியானாலும் சரி. தீட்டுக்காகப் பிரித்து வைப்பது பிறந்தவனை. அவன் குளித்தாலும் சரி, பி.ஏ. படித்தாலும் சரி. வியாதிக்காகப் பிரித்து வைத்தவன் பதினாலு நாளில் வெளியே வருகிறான்; தீட்டுக்காகப் பிரித்து வைத்தவன் சாகிற வரையில் வருவதில்லை, செத்த பிறகும் அவனுக்குத் தனிச் சுடுகாடு. வியாதிக்காகப் பிரித்து வைத்தவனுக்கு டாக்டர் கிட்டே போய் நாடி பார்க்கிறார், நர்ஸ் சோறு கொடுக்கிறார். தீட்டுக்காரன் கிட்டே எவன் போனான்? முதலாவது, கிட்டே போவதற்காக ஏற்பட்ட விலகல். இரண்டாவது, கிட்டேயே போகாமல் இருப்பதற்காக ஏற்பட்ட விலகல். இரண்டும் ஒன்று என்பவன் நம் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான். அன்றியும், தீட்டுப் புத்தி ஊறிப்போன தேசத்தில் தடுப்பு நடவடிக்கை எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு 2020 ஏப்ரல் 19ந் தேதி சென்னையில் நடந்ததே சாட்சி. டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் இந்த வியாதியாலேயே இறந்தார். அவர் பிணத்தைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடிக் கல்லையும் கட்டையையும் எடுத்து அடித்தது. கூட வேலை பார்த்த டாக்டர் பிரதீப் தன் கையாலேயே குழியை மூடி அடக்கம் செய்தார். பிணத்திலிருந்து எழுந்து வந்து கிருமி கடிக்காது, முறைப்படி அடக்கம் செய்தால் ஆபத்து இல்லை என்று எடுத்துச் சொல்ல ஒரு தண்டோரா போட்டிருந்தால் போதும். அதற்கு முன்னால் பீதியைத்தான் தண்டோரா போட்டிருந்தார்கள். பிறகுதான் அடக்கத்தைத் தடுப்பவனுக்கு மூன்று வருஷ ஜெயில் என்று அவசரச் சட்டம் வந்தது.

இதே பீதியில் தில்லி நிஜாமுதீன் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களை வைத்து, ஒரு மதத்தார் முழுவதையும் வியாதியாகவே ஆக்கினார்கள். தினம் மாலையில் எண்ணிக்கை வாசிக்கும்போது அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து வாசித்தார்கள். அதற்கு ஆறேழு வாரம் முன்னால், பிப்ரவரி 5ந் தேதி, நம் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். அப்போது இங்கே வியாதி பரவியிருக்கவில்லை. ஆகவே அதனால் ஒன்றும் ஆகவில்லை. பரவியிருந்தால்? கிருமிக்கு எந்தக் கூட்டமும் கூட்டம்தான். ஒரு கூட்டத்தை மட்டும் பெயர் சொல்லி வாசித்தது சுகாதார வேலை அல்ல, அரசியல் வேலை.

கடவுள்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் இங்கே வந்திருக்கும் ஆஸ்திகத் தோழர்கள் ஏமாந்து போவார்கள். மார்ச் 17ந் தேதியே தொல்லியல் இலாகா பெரிய கோயிலை அடைத்துவிட்டது. சித்திரைத் தேர் ஓடவில்லை. வேளாங்கண்ணியில் ஜனங்கள் இல்லாமல் திருவிழா நடந்தது. காசியில் ஒரு கோயிலில் லிங்கத்துக்கு முகமூடி கட்டினார்கள். அடைத்தது சரியான காரியம் என்றே நாம் சொல்லுகிறோம். அடைத்த அர்ச்சகருக்கும் பாதிரியாருக்கும் மவுல்விக்கும் அந்த நாளில் எது காப்பாற்றும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் 2021 மே மாதத்தில், இரண்டாவது அலையில் மூச்சுக் காற்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் காத்துக் கிடந்த வேளையில், கோயமுத்தூர் இருகூரில் ஒரு ஆதீனம் "கொரோனா தேவி" என்று கருங்கல்லில் ஒரு சிலையையே செய்து வைத்து 48 நாள் யாகம் ஆரம்பித்தது. அதே கோயமுத்தூரில் பிளேக் வந்த காலத்தில் பிளேக் மாரியம்மன் என்று ஒரு கோயில் ஏற்பட்டது, இன்றும் இருக்கிறது. பிளேக்கைக் காணோம், மாரியம்மன் இருக்கிறாள்! இதில் ரசமான சங்கதி என்னவென்றால், கொரோனாவிலிருந்து காக்கும் தேவியைப் பார்க்கக் கொரோனாவை உத்தேசித்து ஜனங்களை உள்ளே விடவில்லை. சர்க்காரும் இதற்குச் சளைத்ததல்ல. மார்ச் 22ல் மாலை 5 மணிக்குக் கை தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ல் இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். டாக்டர்களுக்கு மரியாதை செய்வதற்குத் தட்டச் சொன்னால், நம் ஜனங்கள் பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் கூட்டமாக ஊர்வலம் போனார்கள். சத்தத்தில் கிருமி செத்துப்போகும் என்று படித்தவர்களே எழுதினார்கள்.

சாராயக் கடை விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. மே 7ல் டாஸ்மாக்கைத் திறந்தார்கள், 8ந் தேதி ஹைகோர்ட் மூடச் சொல்லிற்று, 15ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைத்தது, 16ந் தேதி மறுபடி திறந்தார்கள். "கோயிலை அடைத்துவிட்டுச் சாராயக் கடையைத் திறக்கலாமா?" என்று ஆஸ்திகர்கள் கேட்டார்கள். திறக்கக் கூடாதுதான். ஆனால் அதற்குப் பரிகாரம் கோயிலையும் திறப்பது அல்ல. 1000 ரூபாயை ஒரு கையால் மனைவியிடம் கொடுத்து, மறு கையால் புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்டது சர்க்கார்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது சட்டம். இத்தனையும் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது? 1897ல் வெள்ளைக்கார சர்க்கார் பம்பாய் பிளேக்குக்காகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழும், 2005ம் வருஷத்துப் பேரிடர்ச் சட்டத்தின் கீழும் நடந்தது. அந்த 1897ம் வருஷத்துச் சட்டம் நாலே பிரிவுகள் கொண்டது. சர்க்கார் எந்த உத்தரவும் போடலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு செய்த உத்தியோகஸ்தன் மேல் வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு என்ன உரிமை, அடைக்கப்பட்டவனுக்கு என்ன ஆகாரம், எத்தனை நாளைக்கு அடைக்கலாம் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்ததும், ராண்டு என்ற பிளேக் அதிகாரி அந்த வருஷம் ஜூன் 22ல் சுடப்பட்டதும் சரித்திரம். அதே ஜூன் மாதத்தில், 123 வருஷம் கழித்து, சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற கடைக்காரரையும் அவர் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தது என்று சொல்லி 19ந் தேதி போலீஸ் பிடித்துப்போனது. 23ந் தேதிக்குள் இருவரும் செத்தார்கள். ஒரு கைபேசிக் கடை கால் மணி நேரம் அதிகமாகத் திறந்திருந்தால் வியாதி எவ்வளவு பரவும்? கதவைச் சாத்துவது டாக்டர் வேலையா, போலீஸ் வேலையா என்பதில் சர்க்காருக்கு ஏற்பட்ட குழப்பத்துக்கு அந்த இரண்டு உயிர் விலை.

ஆனால் நமக்கு நல்ல சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1939ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றைச் செய்தது. இந்தத் துறையில் மற்ற மாகாணங்களுக்கு முன்னோடி அது. குடிதண்ணீர், சாக்கடை, தொற்றுநோயைத் தெரிவிக்க வேண்டிய கடமை, சுகாதார அதிகாரியின் பொறுப்பு என்று வரிசையாகச் சொல்லுகிற சட்டம். இந்த மாகாணத்துக்குத் தனிச் சுகாதார இலாகாவும், கிராமத்துக்குக் கிராமம் நர்ஸும் இருப்பதால்தான் இங்கே கொஞ்சமாவது சமாளிக்க முடிந்தது. 1897ம் வருஷத்துச் சட்டம் இந்தக் காலத்துக்குப் போதாது என்று 2024 பிப்ரவரியில் சட்டக் கமிஷனே 286வது அறிக்கையில் சொல்லிவிட்டது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் சாத்திய ஆரம்பப் பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தது. பத்தொன்பது மாதம்! கடை திறந்தது, சினிமா திறந்தது, சாராயக்கடை எப்போதோ திறந்தது; அ, ஆ படிக்கிற குழந்தைக்கு மட்டும் கடைசியில். கைபேசியில் பாடம் என்றார்கள். ஒரு கைபேசி இருக்கிற வீட்டில் அப்பன் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் பிள்ளை எதில் படிக்கும்? 2021 மார்ச்சில் நம் ஜில்லாப் பள்ளிகளிலேயே பிள்ளைகளுக்கு வியாதி கண்டது உண்மைதான். ஆகவே மூடியதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. திறப்பதில் ஏழைப் பிள்ளை கடைசி ஆனது ஏன் என்றுதான் கேட்கிறோம். ஒன்றாம் வகுப்பே பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

செத்தவர் கணக்குக்கு வருவோம். 2020 ஜூலை 22ந் தேதி நம் சர்க்காரே, விட்டுப்போன 444 சாவுகளைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லதே. இந்தியா முழுவதற்கும் 2020, 2021 இரண்டு வருஷத்தில் அதிகப்படியாக ஏற்பட்ட சாவு 47 லட்சம் இருக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. மத்திய சர்க்கார் கணக்கு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சர்க்கார் அந்த மதிப்பீட்டு முறையையே ஒப்புக்கொள்ளவில்லை. சரி, ஒப்புக்கொள்ள வேண்டாம். பகிரங்கமாக விசாரித்துச் சரியான கணக்கைக் காட்டலாமே! இங்கிலாந்தில் ஒரு பெண் நீதிபதி தலைமையில் கமிஷன் வைத்து, பிரதம மந்திரியாயிருந்தவரையே கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். ஒரு வாரம் முன்னால் அடைத்திருந்தால் முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் 23,000 பேர் வரை பிழைத்திருப்பார்கள் என்றும், இன்னும் முன்னாலேயே விழித்துக்கொண்டிருந்தால் அடைப்பே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்றும் 2025 நவம்பரில் அந்தக் கமிஷன் எழுதிற்று. ஸ்வீடனில் அடைப்பே இல்லாமல் சமாளித்தார்கள். அங்கும் கமிஷன் வைத்து, வழி சரி, ஆனால் தாமதம் என்று 2022ல் சொன்னார்கள். இங்கே மத்திய சர்க்கார் அப்படி ஒரு கமிஷன் வைக்கவில்லை.

ஆகையால், உங்களிடம் நாம் கேட்டுக்கொள்வது, ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அந்த இரண்டு வருஷத்தில் உங்கள் ஊரில் செத்தவர், கூலி இழந்தவர், பள்ளிக்கூடத்தை விட்டவர், அடிபட்டவர் விவரத்தை எழுதி, கிராம சபையில் வைத்து, பகிரங்க விசாரணை வேண்டும், 1897ம் வருஷத்துச் சட்டம் எடுபட வேண்டும், இனி அடைப்பதானால் சோற்றுக்கு ஏற்பாடு முன்னால் வர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள் என்பதே. நாம் சொன்னதில் தவறு இருந்தால் எழுந்து கேளுங்கள்.

சில சீட்டுகள் வந்திருக்கின்றன. "நீங்கள் ஊசி போட்டுக்கொண்டீர்களா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். போட்டுக்கொண்டோம், இரண்டு தடவை. நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்ததைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். அதை நிபுணர்கள் விசாரித்து, ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சீட்டு: "தீர்மானம் போட்டால் யார் மதிக்கப் போகிறார்கள்?" என்கிறது. 2020 அக்டோபர் 2ந் தேதி நடக்க வேண்டிய கிராம சபையை, வியாதியைக் காரணம் காட்டி முந்தின நாள்தான் ரத்து செய்தார்கள். அப்போது சாராயக் கடை திறந்திருந்தது. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. அடுத்த நாள் எது என்று உங்கள் ஊராட்சிச் செயலரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.